நான் குடிக்கவில்லை

மார்ச் ஒன்பதாம் தேதி காலை எடைக்கருவி எழுபத்தொன்று காட்டியது. முதல் தேதி அறுபத்தேழு. எட்டு நாளில் நான்கு கிலோ. சாப்பிட்டு ஏறிய எடை என்றால் கன்னத்திலோ இடுப்பிலோ தெரியும். என் கன்னம் ஒட்டிக் கிடந்தது, கைகால் குச்சியாக இருந்தது. ஏறியதெல்லாம் வயிற்றில், தண்ணீராக.

"குடிச்சியா?" என்றான் வெய்யோ, குளியலறைக் கதவில் சாய்ந்துகொண்டு.

"இல்ல."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிற கேள்வியா அது? இன்னொரு தடவ கேட்டேன்னா இந்த மெஷினைத் தூக்கி உன் கால்ல போடுவேன்."

வெய்யோ என் கணவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டான். அந்தப் பத்தில் ஒன்று இதற்குச் செலவானதுதான் எனக்கு வலித்தது.

அவன் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருபது வருடம் குடித்தவள் நான். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூற்று இருபது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒயின் பெட்டியின் குழாயைத் திருகுவேன். பாட்டில் என்றால் எவ்வளவு தீர்ந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பெட்டியில் தெரியாது. போன வருடம் ஏப்ரலில் ரத்தமாக வாந்தி எடுத்தேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டு, உணவுக்குழாயில் வீங்கியிருந்த ரத்தக்குழாய்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிட்டது, இதற்குப் பெயர் சிரோசிஸ் என்றார் டாக்டர் ஸ்டென்பெக். "இனிமே ஒரு சொட்டு..." என்று ஆரம்பித்தவரை, "தொடமாட்டேன்" என்று அங்கேயே நிறுத்தினேன். அது ஏப்ரல் பதினெட்டு. அன்றிலிருந்து தொடவில்லை.

ஏறிய தழும்பு அப்படியே இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம், மிச்சமிருக்கும் நல்ல பாகத்தைக் காப்பாற்றலாம் என்றார். அது போதாமல் போனால் வேறு கல்லீரல் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு அவர் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதவேண்டும். "ஒரு வருஷம் குடிக்காம இருந்து காட்டுங்க, எழுதுறேன்" என்றிருந்தார். அந்த மார்ச்சில் எனக்கு இன்னும் ஆறு வாரம் பாக்கி இருந்தது. அந்தக் கடிதத்தைத் தவிர உலகத்தில் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் சமையல்காரி செய்கிற மாதிரியே செய்தேன், அதாவது தராசு வைத்து. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, ரொட்டியில் ஒளிந்திருப்பதையும் சேர்த்து. கடையில் வாங்கும் ரை தானிய ரொட்டியின் உப்பைக் கணக்குப் பார்த்தபிறகு அதை வாங்குவதை நிறுத்தினேன். நானே உப்பில்லாமல் சுட்டேன். முதல் ரொட்டியைத் தின்ற வெய்யோ, "நனைஞ்ச அட்டை" என்றான். அட்டையைத்தான் பதினொரு மாதம் தின்றேன். உப்பில் ஊறவைத்த மீன் இல்லை, தொத்திறைச்சி இல்லை. ஆனால் மீனும் முட்டையும் பருப்பும் குறையக்கூடாது. பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே தின்னும் என்பதால் படுக்கப்போகுமுன் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. நீர் பிரிய இரண்டு மாத்திரை. தலைவலிக்கு என் இஷ்டத்துக்கு எதையும் விழுங்கக்கூடாது. கல்லீரலால் கழுவமுடியாத கழிவு தலைக்கு ஏறி மூளையைக் குழப்பாமல் இருக்க, கொழகொழவென்று ஒரு இனிப்பு சிரப். அது வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம், ஒரு நாளைக்கு மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடவேண்டும். ஓடினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

அப்படியும் நான்கு கிலோ.

சனிக்கிழமை சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், வெய்யோவின் அக்கா இர்யா பார்த்துவிட்டாள். அவள் வாராவாரம் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். அங்கே வயிற்றை எந்த ஸ்வெட்டருக்குள் ஒளிப்பது? நான் கீழ்ப்படியில், சூடு குறைவான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மேல்படியிலிருந்து காய்ந்த கல்லின்மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

"ஹில்க்கா, எங்கிட்ட சொல்லலாம். நான் யார்கிட்டயும் வாயத் திறக்கமாட்டேன்."

"என்னத்தச் சொல்றது?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியல. நீயே சொல்லு. துணிகூட இல்லாமத்தான் உக்காந்திருக்கோம், இதுல எத மறைக்கிற?"

"அந்தக் கருப்பு மிட்டாய். எப்பப் பாத்தாலும் வாயில ஒதுக்கியிருக்க. நாத்தம் தெரியக்கூடாதுன்னுதான?"

கோட்டில் எப்போதும் ஒரு பை சல்மியாக்கி, அந்தக் கருப்பு மிட்டாய், வைத்திருந்தேன், உண்மைதான். குடியை விட்டவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் இடத்தில் எல்லோர் வாயிலும் அது இருக்கும். பிடித்த ஒன்றை விட்டவனுக்கு வாயில் வேறொன்று வேண்டும். ஒயின் இருந்த இடத்தில் எனக்கு அது.

"என் வாய மோந்து பாரு," என்றேன்.

"போடி, அசிங்கம்."

"பயமா இருக்கா? வா, கிட்ட வா. மோந்து பாத்துட்டுப் போய் ஊர் முழுக்கச் சொல்லு."

அவள் துவாலையைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்து வந்த வியாழக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்த்த மாதிரி எழுதமுடியாது. நான் அங்கே இருந்தேன், ஆனால் எனக்கு ஞாபகம் இல்லை. மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். வியாழன் என்றால் பள்ளிக்கூடத்தில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். பான்கேக்குக்கு வைத்திருந்த ஸ்ட்ராபெரி ஜாமை, எட்டு கிலோவையும், சூப் கொப்பரையில் கொட்டிக் கிளறியிருக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்களாம். அதை யாரும் கோப்பில் எழுதவில்லை. பிறகு, பனியில் காலால் உந்தி ஓட்டும் சறுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவள், வீட்டுக்கு எதிர்த் திசையில், உறைந்த கடலைப் பார்த்துப் போயிருக்கிறேன். படகு இறக்கும் சரிவில் நின்றுகொண்டிருந்தேனாம். இர்யா காரை நிறுத்தி, "எங்க போற?" என்று கேட்டிருக்கிறாள். என் தெருவின் பெயர் எனக்கு வரவில்லை. நாக்கு குழறியது. நீட்டிய கை, சிறகடிப்பதைப் போல உதறியது.

இர்யா என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதற்கு நன்றி. அங்கே போய், "குடிச்சிருக்கா" என்றாள். அதற்கு இல்லை.

ஊதச் சொன்னார்களாம். பூஜ்யம். அவசரப் பிரிவில் இருந்த இளைய டாக்டர், "காலைல குடிச்சது இறங்கியிருக்கும்" என்று சொல்லி ஒரு வரி எழுதிவைத்தார். இரண்டு நாள் கழித்து என் தலை தெளிந்தது. வயிற்றில் ஊசி குத்திக் குழாய் வழியாக ஏழு லிட்டர் இறக்கியிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் டாக்டர் ஸ்டென்பெக் நின்றிருந்தார், எப்போதும் முன்னால் சாய்ந்தே நிற்கிற மனிதர், முதுகு அப்படி.

"மறுபடி குடிக்க ஆரம்பிச்சிருக்கலாம்னு கோப்புல இருக்கு," என்றார்.

"எழுதினவருக்கு என்னைத் தெரியுமா?"

"அறிகுறி எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு. வயித்துல தண்ணி, மூளை குழப்பம்..."

"குடிக்காதவளுக்கு அது வராதா?"

"வரும்," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா காரணம் இருக்கணும். உப்பு, கிருமி, ரத்தக் கசிவு, ஏதாவது. கிருமியும் இல்ல, கசிவும் இல்ல. பாத்துட்டோம்."

"பல வாரக் குடியக் காட்டிக்குடுக்கிற ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்காமே. எடுங்க."

"எடுக்கலாம். முடிவு வர ஒரு வாரம் ஆகும்."

"இப்பவே எடுங்க. இந்தக் கையில வேணாம், நரம்பு செத்துப்போச்சு, இதுல எடுங்க. அப்புறம் நான் சொல்றதையும் அந்த வரிக்குக் கீழ எழுதுங்க."

அவர் எழுதினார். பிறகு வாசித்துக் காட்டச் சொன்னேன். 'நோயாளி மறுக்கிறார்' என்று இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. திருடனும் மறுப்பான். ஆனால் அன்று அதற்குமேல் சண்டை போட உடம்பில் தெம்பு இல்லை.

முடிவு வந்தது. அளக்கும் அளவுக்குக்கூட எதுவும் இல்லை. வெய்யோ தாளை இரண்டு தடவை படித்தான். போய் நெருப்புமூட்டி, ஏரியில் பிடித்த பெர்ச் மீனை உப்பில்லாமல் வெண்ணெயில் வறுத்து என்முன் வைத்தான்.

"நான் கேட்டிருக்கக்கூடாது," என்றான்.

"இன்னிக்கு எத்தனையாவது வாக்கியம் இது?"

"ரெண்டு."

"மிச்சம் எட்டையும் இதையே சொல்லிக்கிட்டிரு."

அதோடு முடிந்திருந்தால் நான் முழுக்க நியாயவாதி. முடியவில்லை. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் எடை மறுபடி இரண்டு கிலோ ஏறியிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. டாக்டரே போன் செய்தார்.

"மாத்திரைய முழுங்குறீங்களா?"

"முழுங்குறேன்."

"உப்பு?"

"கிராம் கணக்குல நோட்டுல இருக்கு. அனுப்பிவைக்கவா?"

"பாருங்க, குடிக்கலன்னு தெரிஞ்சிடுச்சு. அதுல நான் உங்க பக்கம். ஆனா ஏதோ ஒண்ண நீங்க சொல்லல. கட்டுக்குள்ளயே வராத ஆள அனுப்பினா, காரணம் என்னன்னு அவங்க கேப்பாங்க. எங்கிட்ட பதில் இல்ல. கடிதத்த இப்ப என்னால எழுத முடியாது."

போனை வைத்துவிட்டு அரைமணி நேரம் சமையலறையில் நின்று திட்டினேன். அவரை, இளைய டாக்டரை, இர்யாவை, என் கல்லீரலை. திட்டி முடித்ததும், இது எனக்குத் தெரிந்த வேலைதான் என்பது உறைத்தது. மூன்று வருடத்துக்குமுன் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எல்லோரும் என் கொப்பரையைத்தான் பார்த்தார்கள். நாங்கள் ஒவ்வொரு நாள் சாப்பாட்டிலும் ஒரு டப்பா எடுத்து உறையவைப்பது வழக்கம். அத்தனை டப்பாவையும் சோதித்தார்கள், ஒன்றிலும் குற்றமில்லை. நகராட்சியிலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் பிள்ளைகளை உட்காரவைத்து, 'என்ன சாப்பிட்டாய்' என்று கேட்கவில்லை. 'வாய்க்குள் என்னவெல்லாம் போனது' என்று கேட்டார். கூரையில் தொங்கிய பனிக்குச்சிகளை ஒடித்து உறிஞ்சியிருந்தார்கள், கூரை முழுக்கப் புறா எச்சம்.

"வெய்யோ, பேனாவ எடு. நேத்து காலைலேருந்து என் வாய்க்குள்ள போனதெல்லாம்."

"நோட்டுல இருக்கே."

"நோட்டுல சாப்பாடு இருக்கு. நான் வாயச் சொல்றேன்."

அவன் எழுதினான். ரொட்டி, காப்பி, கஞ்சி, மாத்திரை, சிரப், தண்ணீர்.

"பல்பசை," என்றேன்.

"துப்பிடுவ."

"எழுது. பனிக்கு உதட்டுல தடவுற களிம்பு."

"எழுதிட்டேன்." பேனாவைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தான். "உன் மிட்டாய்."

"அது சாப்பாடா?"

"வாய்க்குள்ள போகுதில்ல?"

"அத நான் எப்பவோ பாத்துட்டேன். பையிலயே போட்டிருக்கான், உப்பு பத்துல ஒரு கிராம்னு."

"எத்தனை தின்ன?"

"ஒரு பை."

"ஒரு வாரத்துக்கா?"

"நேத்து."

என் தப்பு இதுதான். நான் பார்க்காமல் விடவில்லை. ஆரம்பத்திலேயே பார்த்தேன், சமையல் உப்பு இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதில் அதிமதுரம் உண்டு, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதிகம் தின்னவேண்டாம் என்று சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தேன். என் ரத்த அழுத்தம் தொண்ணூறைத் தாண்டாது. இது எனக்கில்லை என்று தள்ளிவிட்டு, பதினொரு மாதம் நிம்மதியாகச் சப்பினேன். குளிர்காலத்தில் ஒரு பைக்கு ஏறியிருந்தது.

கல்லீரல் பிரிவின் நர்ஸ் மார்கெத்தாவுக்குப் போன் போட்டேன். நல்லவள், என் வயது.

"மார்கெத்தா, சல்மியாக்கி தின்னலாமா?"

"தின்னேன், அதுக்கென்ன? நானே இப்ப ஒண்ணு..." என்றவள் நிறுத்தினாள். "எவ்வளவு தின்ற?"

சொன்னேன். மறுமுனையில் காகிதத்தில் எதையோ துப்புகிற சத்தம் கேட்டது.

"போன வச்சிடு. டாக்டர்கிட்ட போறேன். கையில இருக்கிறத இப்பவே குப்பையில போடு, நாளைக்குன்னு வைக்காத."

டாக்டர் கூப்பிட்டபோது அவர் குரலில் பழைய மிடுக்கு இல்லை. அதிமதுரச் சாறு உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும் என்றார். நான் தட்டில் வைக்காத உப்பு எனக்குள்ளேயே தேங்கியிருக்கிறது. அந்த மிட்டாய்க்குக் காரம் கொடுப்பது நவச்சாரம். உள்ளே போனால் அது அம்மோனியா. என் கல்லீரலால் கழுவமுடியாதது எதுவோ, எதை வெளியேற்ற தினமும் அந்த சிரப்பைக் குடித்து ஓடிக்கொண்டிருந்தேனோ, அதையே பை பையாக உள்ளே போட்டிருக்கிறேன். பொட்டாசியம் குறைந்தாலும் மூளை குழம்பும். ஜாம் சூப்புக்குக் காரணம் கிடைத்தது.

"நீங்க சொல்லியிருக்கணும், ஹில்க்கா," என்றார்.

"நீங்க கேட்டிருக்கணும். குடிச்சியான்னு எத்தனை பேர் கேட்டீங்க, எண்ணிப்பாருங்க. வாயில என்னன்னு ஒருத்தர் கேக்கல. உங்க வரவேற்பு மேசையில ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய அதுதான் இருக்கு. வர்றப்பல்லாம் மூணு எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் உங்க முன்னாடி வந்து உக்காருவேன்."

கிண்ணத்தை எடுத்துவிடும்படி அவர் அங்கே யாரிடமோ சொன்னார்.

"என் தப்பு எனக்குத் தெரியும்," என்றேன். "நான் மறைக்கல. ஆனா நீங்க எல்லாரும் நான் எத மறைக்கிறேன்னே தேடினீங்க."

ஒயினை விட்டதைவிட இது கஷ்டம் என்று சொன்னால் பொய். ஆனால் கேவலமான கஷ்டம். கடையில் அந்த அலமாரிப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். கோட்டுப் பையில் ஏலக்காய் போட்டுக்கொண்டேன், பன்னுக்கு இடிப்பதற்காக வீட்டில் எப்போதும் இருப்பது. இரண்டு வாரத்தில் எடை அறுபத்தைந்து. நான்காம் வாரம் அறுபத்திரண்டு, கணுக்காலில் எலும்பு தெரிந்தது. கையை நீட்டினால் உதறவில்லை. பொட்டாசியம் ஏறியது. ஏப்ரல் பதினெட்டு தாண்டிப் போனது.

இர்யா ஒரு சனிக்கிழமை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும், மிட்டாய்னு?"

"தெரியாதுல்ல? அப்ப தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். நீ குடிச்சிருக்கான்னு சொன்ன."

"தப்புதான்."

"அத ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லு."

"தப்புதான்!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. துவாலையை எடுத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன்.

மே மாதம் டாக்டர் ஸ்டென்பெக் முன் போய் உட்கார்ந்தேன். மேசையில் அந்தக் கடிதம் இருந்தது, இரண்டு பக்கம், கீழே அவர் கையெழுத்து. பதின்மூன்று மாதமாக நான் கேட்டது. அவர் அதை என் பக்கம் தள்ளவில்லை.

"எழுதிட்டேன். நீங்க சொன்னா இன்னிக்கே அனுப்புறேன். ஆனா நேத்து எடுத்த ரத்த அளவுகளப் பாருங்க. இந்த நிலைமையில உங்களுக்கு வேற கல்லீரல் வேண்டியதில்லைன்னு அவங்க திருப்பிடுவாங்க. உங்களதே வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு."

"அது தழும்புன்னு சொன்னீங்க."

"தழும்பு இருக்கு. போகாம இருக்கலாம். ஆனா மிச்சம் இருக்கிறது நான் நினைச்சதவிட நிறைய. இதே மாதிரி இருந்தீங்கன்னா பல வருஷம் ஓட்டலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுக்கணும், கட்டி வருதான்னு பாக்க. உப்பு, மாத்திரை, சிரப் எதையும் விடக்கூடாது."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். முதலில் கோபம்தான் வந்தது. இதற்காகவா எல்லோருடனும் மல்லுக்கட்டினேன், நீ நன்றாக இருக்கிறாய், போ என்று கேட்கவா? வெய்யோ என் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன சிரிப்பு?"

"உன்னத் திருப்பி அனுப்புறது ரொம்பக் கஷ்டம்."

"சரி, அனுப்பவேணாம்," என்றேன் டாக்டரிடம். "ஆனா அந்த வரி? மறுபடி குடிக்க ஆரம்பிச்சிருக்கலாம்னு எழுதினது. இந்தக் கடிதம் என்னிக்காவது போச்சுன்னா, அதுவும் கூடப் போகுமில்ல?"

"போகும். எழுதினத நான் அழிக்க முடியாது. கீழ சேர்க்கலாம்."

"அப்ப சேருங்க. நான் சொல்லச் சொல்ல."

"இது மருத்துவக் கோப்பு, ஹில்க்கா. அதுக்குன்னு ஒரு பாஷை இருக்கு."

"கோப்பு என்னுது. பாஷை உங்களுதா இருக்கட்டும், விஷயம் என்னுதா இருக்கணும். 'மறுக்கிறார்'னு மட்டும் வேணாம். மறுக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. ரத்தப் பரிசோதனை நடந்தாச்சு."

அவர் தட்டச்சு செய்தார், இரண்டு விரலால். திரையை என் பக்கம் திருப்பினார். நோயாளி குடிக்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் உறுதியானது, நீர் கோர்த்ததற்கும் குழப்பத்துக்கும் காரணம் அதிமதுர மிட்டாய், அதைப் பற்றி நோயாளியிடம் எங்கள் பிரிவில் யாரும் கேட்கவில்லை என்று இருந்தது. கடைசிப் பகுதியை நான் சொல்லவில்லை. அவராக எழுதியது.

நான் இரண்டு தடவை படித்தேன். தலையாட்டினேன். அவர் கடிதத்தை உறையில் போட்டு இழுப்பறையில் வைத்தார்.

"தேதி மட்டும் போடாம வைங்க," என்றேன், கோட்டை மாட்டிக்கொண்டே. "தேவைப்பட்டா நானே வந்து கேப்பேன். அப்பவும் முதல்ல குடிச்சீங்களான்னுதான் கேப்பீங்க, தெரியும். கேளுங்க. பதில் இதேதான் இருக்கும்."